பள்ளியில் ஃப்ளூ காய்ச்சல்: பதின்மூன்றை ஒன்பதாக்கும் கணக்கு



தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியே ஐப்பசி மழை. போனஸ் வாங்கிக்கொண்டு மதுரை, தேனி, திண்டுக்கல், திருநெல்வேலி என்று சொந்த ஊர்களுக்குப் போயிருந்த பனியன் கம்பெனிக் குடும்பங்கள் எல்லாம் திருப்பூருக்குத் திரும்பிவிட்டன. வகுப்பில் ஆசிரியர் வருகைப் பதிவேட்டைப் பிரித்துப் பெயர்களை வாசிக்கிறார். திங்கட்கிழமை மூன்று பேர் வரவில்லை. புதன்கிழமை ஆறு பேர். வெள்ளிக்கிழமை பத்து பேர். வந்திருப்பவர்களிலும் நாலைந்து பேர் இருமிக்கொண்டே இருக்கிறார்கள்.

இந்தக் காட்சி உங்களுக்குப் புதியதன்று. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில், ஃப்ளூ என்று நாம் சொல்லும் இன்ஃப்ளூயென்சா காய்ச்சல் அதிகமாகப் பரவுகிறது. மற்ற மாதங்களிலும் அது தலைகாட்டுவதுண்டு.

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன், மருத்துவன் அல்லன். ஆனால் இந்தக் காய்ச்சல் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும் வழியில் இயற்பியலும் கணக்கும் நிறைய இருக்கின்றன. அவற்றைப் புரிந்துகொண்டால், பள்ளியில் ஃப்ளூ பரவும்போது வீட்டில் அம்மாவும் அப்பாவும் என்ன செய்யலாம் என்பது எளிதாக விளங்கும். ஆகவே இக்கட்டுரையை நீங்கள் படித்த பிறகு, அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

கப்பலில் வந்த காய்ச்சல்

1957ஆம் ஆண்டு மே மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு ஒரு பயணிகள் கப்பல் வந்தது. அதில் வந்தவர்களில் பலருக்குக் காய்ச்சல். அப்போது கிழக்கு ஆசிய நாடுகளில் புதுவகை ஃப்ளூ வைரஸ் ஒன்று பரவிக்கொண்டிருந்தது. அந்த வைரஸ் சென்னையில் இறங்கி, சில வாரங்களில் நாடெங்கும் பரவிவிட்டது. 1958 பிப்ரவரி வரையில் கணக்கில் வந்த நோயாளிகள் மட்டும் ஏறத்தாழ 44 லட்சம் பேர். இறந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். இந்த வைரஸை ஆராய்ந்து, அது பரவிய வரலாற்றைத் தொகுத்து எழுதியவர்கள் எங்கே இருந்தார்கள் தெரியுமா? நமக்கு அருகிலேயே, நீலகிரி மலைமேல், குன்னூர் பாஸ்டர் நிலையத்தில்!

அதன்பின் 2009இல் எச்1என்1 என்னும் இன்னொரு புதுவகை உலகெங்கும் பரவியது. அதுவும் எச்3என்2 என்னும் வகையும் இன்றும் நம்மிடையே சுற்றிக்கொண்டிருக்கின்றன. 2022 செப்டம்பரில் குழந்தைகளிடையே காய்ச்சல் பெருகியதால், புதுச்சேரியில் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை 17ஆம் தேதியிலிருந்து 25ஆம் தேதி வரை விடுமுறை விட்டார்கள். 2023 மார்ச் மாதத்திலும் அவ்வாறே 16 முதல் 26 வரை பள்ளிகளை மூடினார்கள். அதே மாதத்தில் தமிழ்நாட்டு அரசு வேறு வழியைப் பின்பற்றியது. பள்ளிகளை மூடாமல், மார்ச் 10ஆம் தேதி மாநிலம் முழுவதும் ஆயிரம் இடங்களில் காய்ச்சல் முகாம்களை நடத்தியது.

பள்ளியை மூடினால் பரவல் குறையும் என்பது உண்மை. ஆனால் திருப்பூரைப் போன்ற ஊரில் அதற்கு ஒரு விலையும் உண்டு. பள்ளி மூடினால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அம்மா வேலைக்குப் போக முடியாது. ஷிப்டு போனால் சனிக்கிழமைச் சம்பளத்தில் துண்டு விழும். ஆகவே பள்ளியை மூடவேண்டிய நிலை வராமலே பரவலைக் குறைக்க முடியுமா என்று பார்ப்பதே நல்லது. முடியும் என்கிறது கணக்கு. அதற்குமுன், வைரஸ் எப்படிப் பயணம் செய்கிறது என்று பார்ப்போம்.

துளியும் தூசியும்

ஒரு ஃப்ளூ வைரஸின் குறுக்களவு ஏறத்தாழ 0.1 மைக்ரோமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் பத்தாயிரம் வைரஸ்களை வரிசையாக நிறுத்தலாம். பருத்தி இழை ஒன்றின் தடிமன் சுமார் 15 மைக்ரோமீட்டர். எனவே ஓர் இழையின் குறுக்கே நூற்றைம்பது வைரஸ்கள் அடங்கிவிடும்!

ஆனால் இந்த வைரஸ் தனியாகப் பயணம் செய்வதில்லை. நோயுற்றவர் இருமும்போதும் தும்மும்போதும், ஏன், பேசும்போதும் மூச்சுவிடும்போதும்கூட வெளிவரும் நீர்த்துளிகளில் ஏறிக்கொண்டு செல்கிறது. இந்தத் துளிகள் எல்லாம் ஒரே அளவில் இருப்பதில்லை.

நிட்டிங் கம்பெனிக்குள் போயிருக்கிறீர்களா? காலை வெயில் ஜன்னல் வழியே சாய்வாக விழும்போது பாருங்கள். அந்த ஒளிக்கற்றைக்குள் பஞ்சுத் தூசி மேலும் கீழுமாக அலைந்துகொண்டே இருக்கும். ஆனால் கட்டிங் மேசையிலிருந்து தவறும் துணித்துண்டோ நேராகத் தரையில் விழுந்துவிடும். இரண்டும் அதே பருத்திதான். வேறுபாடு அளவில் இருக்கிறது. துளிகளின் கதையும் இதுதான்.

பதினொன்றாம் வகுப்பில் ஸ்டோக்ஸ் விதி என்று ஒன்று படிப்பீர்கள். காற்றில் விழும் சிறு துளியின் வேகம் ஓரளவுக்குமேல் கூடுவதில்லை. அந்த வேகத்துக்கு முற்றுத் திசைவேகம் என்று பெயர். அது துளியின் விட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். விட்டம் பத்தில் ஒரு பங்கானால், விழும் வேகம் நூறில் ஒரு பங்காகிவிடும். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒரு மாணவனின் வாய், தரையிலிருந்து 120 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். அசையாத காற்றில் கணக்குப் போட்டால் ஏறத்தாழ இப்படி வரும்:

100 மைக்ரோமீட்டர் துளி: வினாடிக்கு 30 செ.மீ. வேகம். நான்கு வினாடியில் தரையைத் தொடும்.

10 மைக்ரோமீட்டர் துளி: வினாடிக்கு 3 மி.மீ. வேகம். ஆறேழு நிமிடம் ஆகும்.

1 மைக்ரோமீட்டர் துளி: வினாடிக்கு 0.03 மி.மீ. வேகம். பதினொரு மணி நேரம் ஆகும்!

இன்னொரு செய்தியும் உண்டு. வெளிவந்த துளியிலிருந்து நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். தரையைத் தொடுமுன் சுருங்கிப்போன துளி, பிறகு விழாமல் மிதக்கத் தொடங்கிவிடும். துளி விழுவதற்கும் உலர்வதற்கும் இடையே நடக்கும் இந்தப் போட்டியை 1934இலேயே கணக்கிட்டுக் காட்டியவர் அமெரிக்காவைச் சேர்ந்த வில்லியம் வெல்ஸ்.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? பெரிய துளிகள் அருகில் இருப்பவர்மேலும், மேசைமேலும், கையிலும் விழுகின்றன. நுண்துளிகள் அறைக் காற்றில் கலந்து நிற்கின்றன. முன்னதற்குத் துணியும் சோப்பும் மருந்து. பின்னதற்கு ஜன்னல்தான் மருந்து.

வகுப்பறைக் காற்று யாருடையது?

இருபது அடி நீளம், இருபது அடி அகலம், பத்து அடி உயரமுள்ள ஒரு வகுப்பறையை எடுத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு 4,000 கன அடி. அதாவது ஏறத்தாழ 1,13,000 லிட்டர். அதில் நாற்பது மாணவர்கள். ஒருவர் நிமிடத்துக்குச் சுமார் 7 லிட்டர் காற்றை உள்ளிழுத்து வெளிவிடுவதாகக் கொண்டால், நாற்பது பேரும் சேர்ந்து ஒரு மணி நேரத்தில் 16,800 லிட்டர் காற்றைச் சுவாசிக்கிறார்கள். ஜன்னல்களை எல்லாம் சாத்திவிட்டால், ஏழு மணி நேரத்துக்குள் அந்த அறையின் மொத்தக் காற்றுக்குச் சமமான அளவு, யாரோ ஒருவருடைய நுரையீரலுக்குள் போய்வந்துவிடுகிறது! 'என் இடம், உன் இடம்' என்று பெஞ்சில் கோடு போட்டுக்கொள்கிறோம். காற்றில் அப்படிக் கோடு போட முடியுமா?

1977இல் அமெரிக்காவின் அலாஸ்காவில் நடந்த ஒரு நிகழ்ச்சி இதை நன்றாக விளக்கும். 54 பேர் ஏறிய ஒரு விமானம் எஞ்சின் கோளாறால் தரையிலேயே மூன்று மணி நேரம் நின்றுவிட்டது. காற்றோட்டக் கருவியும் இயங்கவில்லை. பயணிகளில் ஒருவருக்கு ஃப்ளூ. அடுத்த 72 மணி நேரத்துக்குள் பயணிகளில் 72 சதவீதம் பேர் நோயுற்றனர். விமானத்துக்குள் எவ்வளவு அதிக நேரம் இருந்தார்களோ, அவ்வளவுக்கு நோய் கண்டவர்களின் விகிதமும் அதிகமாக இருந்தது.

இப்போது ஜன்னலைத் திறப்போம். அறையின் கொள்ளளவுக்குச் சமமான புதுக்காற்று ஒருமுறை உள்ளே வந்து கலந்தால், நூறு நுண்துளிகளில் ஏறத்தாழ 37 மிஞ்சும். இரண்டு முறை என்றால் 14. மூன்று முறை என்றால் 5. எதிரெதிர்ச் சுவர்களில் உள்ள ஜன்னலையும் கதவையும் திறந்துவைத்தால் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். மணிக்குப் பல முறை காற்று மாறும். இதற்கு ஒரு காசு செலவில்லை. ஆனால் ஜன்னலைச் சாத்திவிட்டு மின்விசிறியை மட்டும் ஓடவிட்டால், இருக்கிற காற்றுத்தான் சுற்றிச் சுற்றி வரும், புதுக்காற்று வராது. மழைச்சாரல் அடிக்கிறதே என்று எல்லா ஜன்னல்களையும் சாத்துவதும், பள்ளி வேனின் கண்ணாடிகளை முழுவதும் ஏற்றிவிடுவதும் வைரஸுக்கு விருந்து வைப்பதாகும்.

பத்து பேர் பதின்மூன்று பேர் ஆவது எப்படி?

ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்கு நோயைக் கொடுக்கிறார் என்பது முக்கியமான எண். ஆண்டுதோறும் வரும் ஃப்ளூவுக்கு இது ஏறத்தாழ 1.3 என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். 1957இல் இது 1.5க்கும் மேல். 1.3 பேர் என்றால் என்ன? ஒருவர் முழுமையாகவும் இன்னொருவர் கொஞ்சமாகவும் நோயுறுவதா? இல்லை. பத்து நோயாளிகளிடமிருந்து பதின்மூன்று பேருக்குப் பரவுகிறது என்று பொருள். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ மூன்று நாள் ஆகும்.

பத்து பேரில் தொடங்குவோம். அடுத்த சுற்றில் 13, பிறகு 17, 22, 29, 37, 48... பத்துச் சுற்றுகள், அதாவது ஒரு மாதம் கழிந்தபின் ஒரு சுற்றில் மட்டும் 138 பேர். முதல் பத்து பேரையும் சேர்த்துக் கூட்டினால் ஏறத்தாழ 560 பேர். ஒரு பள்ளியே காலியாகிவிடும் அல்லவா?

இனி, அந்தப் பதின்மூன்றில் நான்கு பேருக்கு மட்டும் பரவாமல் தடுத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து பேர் ஒன்பது பேருக்குத்தான் கொடுப்பார்கள். அடுத்த சுற்றில் எட்டு, பிறகு ஏழு என்று குறைந்துகொண்டே வந்து, ஒரு மாத முடிவில் ஒரு சுற்றுக்கு மூன்று நான்கு பேராகிவிடும். மொத்தம் 70 பேரைத் தாண்டாது. 560 எங்கே, 70 எங்கே! (உண்மையில் நோயிலிருந்து மீண்டவர்களுக்கு எதிர்ப்பாற்றல் வந்துவிடுவதால், முதல் கணக்கும் ஓரளவுக்குமேல் ஏறாது. ஆனாலும் இரண்டு பாதைகளும் பிரியும் இடம் இதுதான்.)

இந்தக் கணக்கு நமக்குத் தரும் நம்பிக்கை பெரியது. எல்லாரும் எல்லாவற்றையும் குறையில்லாமல் செய்தால்தான் பயன் என்பதில்லை. பரவும் வழிகளில் மூன்றில் ஒரு பங்கை அடைத்தால் போதும். அலை ஏறுவதற்குப் பதில் இறங்கத் தொடங்கிவிடும். ஆகவே 'நம் வீட்டில் ஒருவர் செய்து என்ன ஆகப்போகிறது?' என்ற கேள்விக்கு இடமில்லை. அந்த நான்கு பேரில் ஒருவரைக் காப்பாற்றியது உங்கள் வீடாக இருக்கலாம்.

நான் செய்த தவறு

இந்தக் கணக்கெல்லாம் தெரிந்த நானே ஒருமுறை தவறினேன். என் மகள் ஏழாம் வகுப்புப் படித்தபோது, காலாண்டுத் தேர்வு நேரத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. காலையில் பாராசிட்டமால் மாத்திரை கொடுத்தேன். அரை மணியில் உடம்பு குளிர்ந்தது. 'பரீட்சை ஆயிற்றே' என்று பள்ளிக்கு அனுப்பிவிட்டேன். மறுநாளும் அப்படியே செய்தேன்.

அந்த வாரக் கடைசியில் அவள் பெஞ்சில் இருந்த மூன்று சிறுமிகள் படுத்துவிட்டார்கள். அவர்களில் ஒரு சிறுமியின் தாய் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்பவர். அந்த வீட்டில் ஒரு வயதுக் கைக்குழந்தை ஒன்றும் இருந்தது. அதற்கும் காய்ச்சல் வந்து, மூச்சுத் திணறி, ஐந்து நாள் மருத்துவமனையில் வைத்திருக்க வேண்டியதாயிற்று. நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டது. என் மகளிடமிருந்துதான் அது போயிற்று என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. வேறு யாரிடமிருந்தும் வந்திருக்கலாம். ஆனால் அவளிடமிருந்து போயிருக்கக்கூடிய வழியை நான்தான் திறந்துவைத்தேன் என்பதில் ஐயமில்லை.

அந்தத் தாயைப் பார்த்து வருத்தம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "நானா இருந்தாலும் அப்படித்தானுங்க சார் அனுப்பியிருப்பேன். லீவு போட்டா யாரு சம்பளம் தருவாங்க?" என்றார். அந்தச் சொல் இன்னும் என் மனத்தில் இருக்கிறது. பிள்ளையைக் காய்ச்சலோடு அனுப்புகிற பெற்றோர் பொறுப்பில்லாதவர்கள் அல்லர்; வேறு வழி தெரியாதவர்கள். அந்த வழிகளை இனி பார்ப்போம்.

வீட்டில் செய்யக்கூடியவை

முதலாவது: காய்ச்சல் வந்த பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்வது. வைரஸ் உடலுக்குள் சென்று ஒன்று முதல் நான்கு நாளில் நோய் தெரிகிறது. நோய் தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே அது மற்றவர்களுக்குப் பரவத் தொடங்கிவிடும். அந்த ஒரு நாளை நம்மால் தடுக்க முடியாது. ஆனால் மிக அதிகமாகப் பரவுவது நோய் தொடங்கிய முதல் மூன்று நான்கு நாட்களில். மாத்திரை காய்ச்சலைத் தணிக்குமே தவிர, வைரஸ் வெளிவருவதை நிறுத்தாது. தெர்மாமீட்டரில் சூடு குறைந்ததால் நோய் போய்விட்டது என்பது, கடிகாரத்தை நிறுத்திவிட்டு நேரம் நின்றுவிட்டது என்பதைப் போன்றது. மாத்திரை போடாமலே காய்ச்சல் இல்லாமல் 24 மணி நேரம் கழிந்தபிறகே பள்ளிக்கு அனுப்ப வேண்டும்.

வேலைக்குப் போகும் பெற்றோர் இதை எப்படிச் செய்வது? அப்பாவும் அம்மாவும் ஆளுக்கு ஒரு நாளாகப் பங்கிட்டுக்கொள்ளலாம். ஒருவர் பகல் ஷிப்டும் மற்றவர் இரவு ஷிப்டுமாக மாற்றிக்கொள்ள முடிந்தால் நல்லது. லைன் வீடுகளில் இருப்பவர்கள், ஏற்கெனவே ஃப்ளூ வந்துவிட்ட இரண்டு பிள்ளைகளை ஒரு நாள் ஒரு வீட்டிலும் மறுநாள் மற்ற வீட்டிலுமாகப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அந்த வீட்டில் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ முதியவரோ இருக்கக்கூடாது. 'ஆத்தா பார்த்துக்கொள்ளும்' என்று வயதான பாட்டியிடம் விடுவதுதான் நம் வழக்கம். ஆனால் 65 வயதைக் கடந்தவர்களுக்கு ஃப்ளூ பிள்ளைகளைவிட அதிக ஆபத்தானது என்பதை மறவாதீர்கள். வேறு வழியே இல்லை என்றால் பாட்டி முகக்கவசம் அணிந்து, ஜன்னலோரமாக உட்காரட்டும்.

இரண்டாவது: வீட்டுக்குள் காற்றோட்டம். ஒரே அறை உள்ள வீடாக இருந்தாலும், நோயுற்ற பிள்ளையை ஜன்னல் பக்கம் படுக்கவைத்து, மற்றவர்கள் எதிர்ப்பக்கம் தலைவைத்துப் படுக்கலாம். பகலில் கதவையும் ஜன்னலையும் திறந்துவையுங்கள்.

மூன்றாவது: துணி. 2020இல் கொரோனா பரவியபோது திருப்பூர்த் தொழிற்சாலைகள் பலவும் முகக்கவசம் தைத்தன. பின்னல் துணி என்பது நூல் வளையங்களால் ஆனது. இழுத்தால் வளையங்கள் விரிந்து துளைகள் பெரிதாகும். ஆகவே ஓர் அடுக்குப் பனியன் துணி போதாது. இரண்டு மூன்று அடுக்கு வேண்டும். ஓரங்களில் இடைவெளி இருக்கக்கூடாது. இருமுபவர் அணிந்தால் பெரிய துளிகள் வெளியே தெறிப்பதை அது தடுக்கும். நுண்துளிகளைத் தடுப்பதில் துணியைவிட மருத்துவமனையில் பயன்படுத்தும் முகக்கவசம் மேலானது. மூச்சுத்திணறல் உள்ளவர்களுக்கும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் முகக்கவசம் கூடாது. மூக்கைச் சிந்துவதற்கு நம் ஊரில் பஞ்சமா? சுத்தமான வெள்ளை பனியன் வேஸ்ட் துண்டுகளைத் துவைத்து வைத்துக்கொண்டு, ஆளுக்குத் தனித்தனியாகக் கொடுக்கலாம். கைவசம் துணி இல்லாதபோது முழங்கை மடிப்பில் இரும வேண்டும், உள்ளங்கையில் அல்ல.

நான்காவது: சோப்பு. ஃப்ளூ வைரஸைச் சுற்றிக் கொழுப்பாலான ஓர் உறை இருக்கிறது. எண்ணெய்ப் பாத்திரத்தில் சோப்பு செய்யும் வேலையையே அந்த உறைமீதும் செய்கிறது. உறை கலைந்தால் வைரஸ் செயலிழந்துவிடும். மேசை, கதவுப்பிடி போன்ற வழவழப்பான பரப்புகளில் ஃப்ளூ வைரஸ் ஒரு நாளுக்கு மேலும் தங்கியிருக்கலாம். ஆகவே பள்ளியிலிருந்து வந்ததும், உண்ணுமுன்னும், மூக்கைத் துடைத்த பின்னும் இருபது வினாடி கைகழுவ வேண்டும்.

ஐந்தாவது: தடுப்பூசி. ஃப்ளூ வைரஸ் தன் மேற்பரப்பை ஆண்டுதோறும் சிறிது மாற்றிக்கொள்கிறது. அதனால் தடுப்பூசியையும் ஆண்டுதோறும் புதிதாகப் போட வேண்டியிருக்கிறது. ஆறு மாதம் நிறைந்த குழந்தை முதல் யாரும் போட்டுக்கொள்ளலாம். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு ஆண்டுதோறும் போடும்படி இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் பரிந்துரைக்கிறது. அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இது இல்லை. பணம் கொடுத்தே போட வேண்டும். எல்லாருக்கும் போட வசதியில்லாத வீட்டில் ஆஸ்துமா, இதயநோய், நீரிழிவு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியோர் ஆகியோருக்கு முதலிடம் கொடுப்பது பற்றி மருத்துவரைக் கேளுங்கள்.

மருந்தும் எச்சரிக்கையும்

பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஃப்ளூ ஒரு வாரத்தில் தானே சரியாகிவிடும். இருமல் மட்டும் சில நாள் நீடிக்கலாம். ஓய்வும் நீராகாரமும் முக்கியம். கஞ்சி, ரசம், இளநீர், மோர் எல்லாம் நல்லவையே. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். அதன் அளவு வயதைவிட எடையைப் பொறுத்தது. மருத்துவர் சொன்ன அளவில் மட்டும் கொடுக்க வேண்டும். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது. ஃப்ளூவின்போது அது மூளையையும் கல்லீரலையும் தாக்கும் அரிய நோய்க்குக் காரணமாகலாம். ஆன்டிபயாட்டிக் மருந்துகள் பாக்டீரியாவைக் கொல்பவை. வைரஸை ஒன்றும் செய்யா. மருந்துக் கடையில் "காய்ச்சலுக்கு ஒரு செட் மாத்திரை கொடுங்க" என்று பெயர் தெரியாத மாத்திரைகளை வாங்கிப் போடுவது ஆபத்து. ஓசெல்டாமிவிர் என்னும் வைரஸ் எதிர்ப்பு மருந்து நோய் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்ல பலன் தரும். அது யாருக்குத் தேவை என்று மருத்துவர்தான் தீர்மானிப்பார். ஆகவே ஆஸ்துமா முதலிய நோய் உள்ள பிள்ளைகளை முதல் நாளே அழைத்துச் செல்லுங்கள். ஈ.எஸ்.ஐ.யில் பதிவு செய்த தொழிலாளியின் குடும்பத்தினருக்கும் அங்கே மருத்துவ வசதி உண்டு.

கீழ்க்கண்டவற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தாலும் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்: மூச்சு வேகமாதல் அல்லது விலாப்பகுதி உள்ளிழுத்தல், உதடு நீலமாதல், வலிப்பு, எழுப்பினாலும் தெளியாத மயக்கம், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் கழியாமை, தணிந்த காய்ச்சலும் இருமலும் மீண்டும் கடுமையாகத் திரும்புதல். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலே உடனே செல்ல வேண்டும். ஆலோசனைக்கு 104, அவசர ஊர்திக்கு 108 என்னும் எண்களை வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். மழைக்காலம் டெங்குவின் காலமும் ஆகும். எல்லாக் காய்ச்சலும் ஃப்ளூ அன்று. டெங்குவில் காய்ச்சல் விட்டபிறகே ஆபத்து தொடங்கலாம். கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, இரத்தக்கசிவு ஆகியவை எச்சரிக்கைக் குறிகள். ஐபுபுரூஃபென் போன்ற வலிமாத்திரைகளை நாமாகக் கொடுக்கக்கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். காய்ச்சல் மூன்று நாள் நீடித்தால் இரத்தப் பரிசோதனை பற்றி மருத்துவரைக் கேட்பது அவசியம்.

பள்ளியிடம் கேட்கக்கூடியவை

அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் பெற்றோர்கள் இடம்பெறும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் நான்கு செய்திகளைப் பெற்றோர் எழுப்பலாம். வகுப்பறை ஜன்னல்கள் எல்லாம் திறக்கக்கூடிய நிலையில் இருக்கின்றனவா? குழாயடியில் தண்ணீரும் சோப்பும் இருக்கின்றனவா? காய்ச்சலால் தேர்வைத் தவறவிட்ட மாணவருக்கு மறுதேர்வு உண்டா? விடுப்பே எடுக்காதவருக்குப் பரிசு என்னும் வழக்கத்தைக் காய்ச்சல் காலத்திலாவது தளர்த்தலாமா? கடைசி இரண்டு கேள்விகளும் சிறியவை அல்ல. என் மகளைக் காய்ச்சலோடு பள்ளிக்கு அனுப்பவைத்தது வைரஸ் அன்று. பரீட்சை பற்றிய அச்சம்தான்.

செய்து பாருங்கள்

1. அயர்னிங் மேசையில் நீர் தெளிக்கும் சிறு புட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, அதற்கு ஒரு சாண் முன்னால் ஓர் அடுக்குப் பனியன் துணியைப் பிடித்து நீரைத் தெளியுங்கள். தாளில் விழும் புள்ளிகளை எண்ணுங்கள். பிறகு துணியை இழுத்துப் பிடித்தும், இரண்டடுக்காக மடித்தும், மூன்றடுக்காக மடித்தும் செய்து, புள்ளிகளின் எண்ணிக்கையை அட்டவணையாக எழுதுங்கள்.

2. பெரியவர் ஒருவர் துணையுடன் அறையைச் சாத்தி ஓர் ஊதுபத்தியை ஐந்து நிமிடம் எரியவிட்டு அணைத்துவிடுங்கள். பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியிலிருந்து ஒரு நண்பர் உள்ளே வந்து மணம் இருக்கிறதா என்று சொல்லட்டும். மறுநாள் ஜன்னலையும் கதவையும் திறந்துவைத்து இதே சோதனையைச் செய்யுங்கள். எத்தனை மடங்கு வேறுபாடு? (அறைக்குள்ளேயே இருப்பவரின் மூக்கு அந்த மணத்துக்குப் பழகிவிடும். அதனால்தான் வெளியிலிருந்து ஒருவர் வர வேண்டும்.)

சிந்தியுங்கள்

1. 20 மைக்ரோமீட்டர் துளி 120 செ.மீ. உயரத்திலிருந்து விழ எவ்வளவு நேரம் ஆகும்?

2. பத்து பேர் பதின்மூன்று பேருக்குக் கொடுக்கிறார்கள். நோயாளிகளின் எண்ணிக்கை ஏறாமலும் இறங்காமலும் இருக்க, எத்தனை சதவீதப் பரவலைத் தடுக்க வேண்டும்?

3. உங்கள் வகுப்பறையின் நீள அகல உயரங்களை அளந்து, ஒரு மாணவருக்கு எத்தனை லிட்டர் காற்று கிடைக்கிறது என்று கணக்கிடுங்கள்.

விடைகளை உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். அதற்குமுன் ஒரு சிறு வேலை: வகுப்பறையின் ஜன்னல் ஒன்று துருப்பிடித்துத் திறக்க முடியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், தையல் மெஷினுக்கு அப்பா போடும் எண்ணெயில் நாலு சொட்டு வாங்கிச் சென்று அதன் கீலில் விடுங்கள். பதின்மூன்றை ஒன்பதாக்கும் வேலை அங்கிருந்தே தொடங்கட்டும்.